பிரைட், பிரிஸ்க், பிராஸி, பிரௌன்

எனக்கு டீ பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. குன்னூரில் பிறந்து வளர்ந்து, தேயிலையை ஏலத்தில் விற்றுக் கொடுக்கும் ஒரு தரகர் கம்பெனியில் இருபது வருஷமாக வேலை பார்த்துக்கொண்டு, காலையும் மாலையும் காப்பி குடிக்கிற ஆள் நான். ஆபீசில் என்னைத் துரோகியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். என் பெயர் காளிமுத்து. ஆனால் இது என் கதை அல்ல, செலஸ்டின் மேடத்தின் கதை.

செலஸ்டின் மேடம் எங்கள் கம்பெனியின் டீ டேஸ்டர். ஏலத்துக்கு வரும் தேயிலையை முன்கூட்டியே குடித்துப் பார்த்து, குணம் சொல்லி, என்ன விலை போகும் என்று மதிப்புப் போடுகிறவர். குடித்துப் பார்த்து என்றா சொன்னேன்? அவர் ஒரு வாய் கூடக் குடித்தது கிடையாது. நீளமான மேசையில் வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு ஃபாக்டரியின் டீ. ஸ்பூனில் மொண்டு, ரோட்டில் போகிறவனுக்குக் கேட்கிற மாதிரி சர்ரென்று உறிஞ்சுவார். வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பக்கத்தில் இருக்கும் தொட்டியில் துப்புவார். துப்பிய மூச்சோடு ஒரு வார்த்தை வரும். பிறகு அடுத்த கிண்ணம். தொட்டிக்குச் சக்கரம் உண்டு, அவரோடு கூடவே உருளும். எனக்கும் சக்கரம் வைத்த ஒரு ஸ்டாண்டு, அதன்மேல் கம்ப்யூட்டர். அவர் சொல்லச் சொல்ல நான் தட்ட வேண்டும். இதுதான் என் உத்தியோகம்.

அவர் சொல்லும் வார்த்தைகள் எல்லாமே சின்னச் சின்ன இங்கிலீஷ் வார்த்தைகள். முதல் இரண்டு எழுத்தைத் தட்டினால் போதும், அந்த எழுத்தில் தொடங்கும் வார்த்தைகளைக் கம்ப்யூட்டரே வரிசையாகத் தொங்கவிடும். பி, ஆர் என்று தட்டினால் பிரைட், பிரிஸ்க், பிராஸி, பிரௌன். வேண்டியதை அமுக்கிவிட்டு நகர வேண்டியதுதான். ஆக, எனக்கு எல்லா வார்த்தையும் தெரியும். எதற்கும் அர்த்தம் தெரியாது.

அதாவது எனக்குத் தெரிந்த அர்த்தங்கள் வேறு. பிரைட் என்றால் நன்றாகப் படிக்கிற பையன் என்று பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்டிருந்தேன். என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. பிரிஸ்க் என்பதை ஒரு டாக்டர் வாயிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். சர்க்கரை ஏறியிருக்கிறது, தினமும் பிரிஸ்க்காக நடங்கள் என்றார். குன்னூர் மேட்டில் எவன் பிரிஸ்க்காக நடப்பது? ஒருநாள் செலஸ்டின் மேடத்திடமே கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க மேடம், டீ எங்கீங்க பிரிஸ்க்கா நடக்குது?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நடக்காதுண்ணா. நாக்கைப் பிடிக்கும். தூங்கறவனைத் தோளைத் தட்டி எழுப்பற மாதிரி ஒரு பிடி. அது இருந்தா பிரிஸ்க்."

"அப்ப பிரைட்டு?"

"அதுல நாக்குக்கு வேலையே இல்லைங்க. கண்ணுதான். வெளக்கி வச்ச செப்புக்கொடம் மாதிரி கிண்ணத்துக்குள்ள ஒரு வெளிச்சம் இருக்கோணும். எலையைச் சரியா வாட விடாம அரைச்சிட்டா, பித்தளைக் கரண்டிய நக்கின மாதிரி ஒரு ருசி நிக்கும், அது பிராஸி. எலை கறுப்பா இல்லாம பழுப்படிச்சுப் போச்சுன்னா பிரௌன். அதுவும் கண்ணுதான்."

"மூக்குக்கு ஒண்ணுமே இல்லீங்களா?"

"மூக்குக்குத்தாண்ணா நெறைய. பொகை அடிச்சா ஸ்மோக்கி, பூசணம் அடிச்சா மஸ்டி, வறுத்த தானிய வாசம் மால்ட்டி, மணமே தூக்கலா நின்னா ஃப்ளேவரி. நாக்கும் கண்ணும் இந்த டீ நல்லதா கெட்டதான்னு சொல்லும். மூக்குத்தான் இது எந்த மலை, எந்த மாசம்னு சொல்லும்."

அவர் மூக்கு அப்படிப்பட்ட மூக்கு. குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட்டில், தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவர். அப்பா மோசஸுக்கு எஸ்டேட் ஃபாக்டரியில் தேயிலையை உலர்த்தும் டிரையரில் வேலை. சாயங்காலம் அப்பா வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் சட்டையை மோந்து பார்த்து, இன்றைக்கு டிரையர் ஒழுங்காக ஓடவில்லை போல என்பாராம் சின்னப் பிள்ளை. ஊட்டியில் பி.எஸ்சி. முடித்துவிட்டு எங்கள் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தார். நான் அதே வருஷம் சாம்பிள் டப்பா அனுப்புகிற பகுதியில் சேர்ந்தேன். அப்போதிருந்த டேஸ்டர் ஒருநாள் விளையாட்டாக ஆபீசில் எல்லோருக்கும் மூன்று கிண்ணம் வைத்து, எது வேறு டீ என்று கேட்டார். மூன்றுமே காப்பி இல்லை என்று நான் சொன்னேன். செலஸ்டின் மேடம் நடுக்கிண்ணத்தைத் தொட்டு, இது மழையில் பறித்தது என்றார். அத்தோடு அவர் டைப்பிஸ்ட் நாற்காலியிலிருந்து எழுந்து ஸ்பூனை எடுத்துக்கொண்டார். அவர் எழுந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள்.

அந்த மூக்குக்காக அவர் விட்டது கொஞ்சமல்ல. டேஸ்டிங் ரூமுக்குள் வாசனை எதுவும் வரக்கூடாது. வாசனை சோப்பு, பவுடர், தலையில் பூ எதுவும் ஆகாது. வேலை நாளில் வெங்காயம், பூண்டு தொடமாட்டார். அருவங்காட்டு வெடிமருந்து ஃபாக்டரியில் வேலை செய்யும் பிராங்ளினோடு அவருக்குக் கல்யாணம் ஆனது. அன்றைக்குத் தலை கொள்ளாமல் மல்லிகை. திங்கட்கிழமை வேலைக்கு வரும்போது, பூ வாசம் போகிறவரை தலைக்குக் குளித்துவிட்டு வந்தார். அந்தக் குளிரில்! பிராங்ளின் ஆசையாகக் கோயமுத்தூரிலிருந்து வாங்கி வந்த சென்ட் பாட்டிலைப் பீரோவில் வைத்துப் பூட்டியவர்தான், திறக்கவே இல்லை. "புருசன் வாங்கித் தந்த சென்ட்டை நகை மாதிரி பூட்டி வச்சிருக்கறது இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்திதாண்ணா" என்று சிரிப்பார்.

தான் விட்டதோடு நிற்கவில்லை, எங்களையும் விட வைத்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் வெங்காய வடை பிரமாதமாக இருக்கும். அதைத் தின்றுவிட்டு நான் ரூமுக்குள் காலை வைத்தால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். "அண்ணா, வெளிய" என்பார். வடை மணம் போகிறவரை நான் வராந்தாவில் குளிரில் நிற்க வேண்டும். அப்போதெல்லாம் எனக்கு அவர்மேல் வந்த கோபத்தை எழுதினால் நன்றாயிராது.

இப்போது யோசித்தால், அந்தக் கோபம் இன்னொரு தடவை வந்தால் தேவலை என்றிருக்கிறது.

போன ஐப்பசி மழையில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு வாரம் லீவு. திரும்பி வந்தார், கொஞ்சம் இளைத்திருந்தார், வழக்கம்போல ஸ்பூனைத் தூக்கினார். சர்ரென்று உறிஞ்சினார், துப்பினார், வார்த்தை வந்தது. எல்லாம் பழையபடிதான் என்று நினைத்தேன்.

முதலில் சந்தேகம் வந்தது எனக்கல்ல, என் விரல்களுக்கு. அந்த ரூமில் வேலை செய்தால் விசைப்பலகை முழுக்க விரல் ஓட வேண்டும். அதை விட்டுவிட்டு என் விரல் இரண்டு எழுத்திலேயே நின்றுகொண்டிருந்தது. பிரைட். பிரிஸ்க். பிரைட். பிரௌன். பிராஸி. பிரிஸ்க். மால்ட்டி எங்கே, ஸ்மோக்கி எங்கே? மழைக்காலத்து டீ எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும் போல என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். தூள் டீக்கு விலை போட வெளிச்சமும் பிடியும் தெரிந்தால் பெரும்பாலும் ஒப்பேற்றிவிடலாம், அதனால் மேலே யாருக்கும் எதுவும் உறைக்கவில்லை.

பிறகு ஒருநாள் புதிதாக வந்த துப்புரவுக்காரம்மா டேஸ்டிங் ரூமில் பினாயில் ஊற்றித் துடைத்துவிட்டாள். வாசலிலேயே எனக்குக் கண் எரிந்தது. இன்றைக்கு இருக்கிறது பூசை என்று ஒதுங்கி நின்றேன். மேடம் வந்தார். நேரே உள்ளே போனார். "வாங்கண்ணா, ஆரம்பிக்கலாம்" என்றார்.

அதே மாதம் கூடலூர்ப் பக்கத்து ஃபாக்டரி ஒன்றின் தேயிலையை வாங்கியவர்கள் திருப்பி அனுப்பினார்கள். டிரையரில் ஓட்டை, தூள் முழுக்கப் புகை நாற்றம். நாங்கள் அதற்கு பிரைட், பிரிஸ்க் என்று எழுதி நல்ல விலை போட்டிருந்தோம். மேனேஜர் மருதாசலம் தலையைச் சொறிந்துகொண்டார். செலஸ்டினுக்கா தப்பும் என்று அவரே சாம்பிள் மாறியிருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார். பாவம், யாராவது லீவு கேட்கப் போகிறார்கள் என்றால் மட்டும் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

நான் அப்படி விடுகிற ஆள் இல்லை. மறுநாள் வடைக் கடைக்குப் போய், வெங்காய வடையோடு பூண்டுச் சட்னியும் கேட்டு வாங்கித் தின்றேன். வாயைக் கொப்பளிக்காமல் வந்து அவர் தோளுக்குப் பக்கத்தில் நின்றேன். என் நாற்றம் எனக்கே தாங்கவில்லை. அவர் ஸ்பூனை உறிஞ்சினார், துப்பினார்.

"பிரிஸ்க்" என்றார்.

விளையாட்டுக்குக் கதவைத் தள்ளப்போய், உள்ளே அழுதுகொண்டிருப்பவரைப் பார்த்துவிட்டதுபோல இருந்தது.

மத்தியானம் தனியாகக் கேட்டேன். "மேடம், நான் இன்னிக்கு என்ன தின்னுட்டு வந்தேன்?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். "எப்ப இருந்துண்ணா உங்களுக்குத் தெரியும்?" என்றார்.

காய்ச்சலோடு போய்விட்டதாம் வாசனை. கோயமுத்தூரில் போய்க் காட்டியிருக்கிறார். வரலாம், வராமலும் போகலாம், பொறுத்துப் பார்ப்போம் என்றிருக்கிறார் டாக்டர். மேடமும் பொறுத்துப் பார்த்திருக்கிறார். தினம் காலையில் பீரோவைத் திறந்து, அத்தனை வருஷம் மூடி வைத்திருந்த அந்த சென்ட் பாட்டிலை மூக்குக்கு நேராக வைத்துப் பார்ப்பாராம். வெறும் தண்ணி மாதிரி இருக்குதுண்ணா என்றார்.

"சொல்லிப்போட்டு லீவு எடுக்க வேண்டியதுதானுங்களே?"

"சொன்னா அந்த ரூமுக்குள்ள எனக்கு என்ன வேலைண்ணா? எங்கப்பா டிரையர் மனுசன். அவரோட பொண்ணு ஸ்பூனைப் பிடிச்சிருக்கான்னு லைன் பூராச் சொல்லிட்டுத் திரிஞ்சாரு. சமைக்கத் தெரியாது, பாடத் தெரியாது. இந்த மூக்கு ஒண்ணுதான் எனக்குன்னு இருந்துச்சு."

எனக்கு இரக்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. கோபம்தான் முதலில் வாய்க்கு வந்தது. "உங்க மூக்கு உங்களுதுங்க. ஆனா நீங்க போடற வெலை வேற ஒருத்தன் ஊட்டுச் சோறு. பொங்கல் வரைக்கும்தான் பொறுப்பேன். நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிப்போடுவேன்" என்றேன்.

"நானே சொல்றேன்" என்றார். அப்புறம் மெதுவாக, "பொங்கலுக்குள்ள வந்துட்டாலும் வந்துருமல்லங்க?" என்றார். அந்த வயதில் அப்படி ஒரு குழந்தைக் குரலில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

மார்கழி பிறந்தது. உறைபனி விழ ஆரம்பித்தது. காலையில் தாழ்வான தோட்டங்கள் எல்லாம் உப்புத் தூவினதுபோல வெளுத்துக் கிடக்கும். அந்தக் குளிரில் செடி மெல்ல வளரும், அதனால் இலையில் வாசனை கட்டும். வருஷத்தில் அந்தச் சில வாரம்தான் நீலகிரித் தேயிலைக்கு மவுசு. அதிலும் விலை முழுக்க வாசனைக்குத்தான்.

அப்படி ஒரு சாம்பிளைத் தூக்கிக்கொண்டு கோத்தகிரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து போஜன் என்று ஒரு படுகர் வந்தார். சொந்தமாகச் சின்னத் தோட்டம், அதைவிடச் சின்ன ஷெட். அந்த வருஷம்தான் முதல்தடவையாகத் தூள் போடாமல், இலையை முழுசாக உருட்டிப் பனிக்காலத் தேயிலை செய்திருந்தார். கிடைத்ததே சில மூட்டைதான். தபாலில் அனுப்ப மனமில்லாமல் நேரிலேயே வந்துவிட்டார். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, டேஸ்டிங் ரூம் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெந்நீர் ஊற்றி, நேரம் ஆனதும் மூடியைத் திறந்தார்கள். எனக்கு டீ பிடிக்காது என்று சொன்னேன் அல்லவா? அந்த மணம் வந்ததும் நான் தட்டுவதை நிறுத்திவிட்டேன். ரூமே வேறு மாதிரி ஆகிவிட்டது.

மேடம் கிண்ணத்தைப் பார்த்தார். "பிரைட்" என்றார். உறிஞ்சினார், துப்பினார். "பிரிஸ்க்" என்றார். நான் இரண்டையும் தட்டினேன். அவர் அடுத்த கிண்ணத்துக்கு நகர்ந்தார். நான் நகரவில்லை. என் ஸ்டாண்டு கூட வராததால் திரும்பிப் பார்த்தார்.

"ஏண்ணா மூஞ்சி அப்படி இருக்குது?"

"ஒண்ணுமில்லீங்க."

என் முகத்தையே பார்த்தார். பிறகு திரும்பி வந்து, வெந்த இலையை மூடியோடு எடுத்து மூக்குக்கு வைத்து இழுத்தார். தோள் ரெண்டும் ஏற அப்படி இழுத்தார். மறுபடியும் இழுத்தார். ஒன்றுமில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

நான் குனிந்து மெதுவாகச் சொன்னேன். "எஃப், எல் தட்டினா ஃப்ளேவரி வந்துருமுங்க. அடிச்சுப்போடட்டுங்களா? போஜனுக்கும் வெலை கெடைச்சுப்போகும், உங்களுக்கும் ஒண்ணுமாகாது."

அடித்திருந்தால் எல்லோருக்கும் நல்லதுதான். என் விரல் எஃப்பின் மேலேயே இருந்தது. அவர் ஒரு கணம் அந்த விரலையே பார்த்தார். ஆசைப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆசைப்படாமல் இருக்க அவர் என்ன தெய்வமா?

"வேண்டாண்ணா" என்றார். "நான் மோந்து சொன்னாத்தான் அது வார்த்தை. நீங்க அடிச்சா வெறும் எழுத்து. இப்பச் சொல்லுங்க. என்ன மாதிரி வருது?"

எத்தனையோ வருஷமாக அந்த வார்த்தைகளைத் தட்டியவன், ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. "மல்லிகைப்பூ மாதிரிங்க" என்றேன். "பூக்காரம்மா பக்கத்துல கூடைய எறக்கி வச்சாப்பல."

"மல்லிகைப்பூ" என்று அவர் ஒருதடவை சொல்லிக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. ஸ்பூனைக் கழுவி, துடைத்து, மேசைமேல் வைத்தார். "மருதாசலம் சாரைக் கூப்பிடுங்க" என்றார்.

மருதாசலம் வந்தார். "காய்ச்சல் வந்ததுல இருந்து எனக்கு வாசனையே தெரியறதில்லீங்க சார். இதுக்கு நான் வெலை போடக்கூடாது. இதுக்கு முன்னாடி போட்டதையும் பாக்கோணும்" என்று மேடம் எல்லோர் முன்னாலும் சொன்னார். மருதாசலம் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வந்தார். தானே ஒரு ஸ்பூன் எடுத்து உறிஞ்சினார். கண்ணை மூடினார். "ஃப்ளேவரி" என்றார். அவர் சொன்ன விலையைச் சரிதானா என்று இன்னொருமுறை கேட்டுவிட்டுத்தான் தட்டினேன். அதற்கப்புறம்தான் கத்த ஆரம்பித்தார். நன்றாகவே கத்தினார். கத்தியதில் தப்பும் இல்லை.

பெஞ்சிலிருந்த போஜன் எழுந்து, பயந்துபோய், "எங்க டீயில ஏதாவது குத்தமாங்க?" என்றார்.

"டீயில ஒரு குத்தமும் இல்லீங்கய்யா. குத்தமெல்லாம் எங்கிட்டத்தான்" என்றார் மேடம்.

இதைச் சொன்னதற்காக யாரும் அவருக்கு மாலை போடவில்லை. இரண்டு ஃபாக்டரிகள் கோபித்துக்கொண்டு வேறு தரகரிடம் போய்விட்டன. ஸ்பூன் மருதாசலம் கைக்குப் போனது. வேலையை விட்டு அனுப்பவில்லை, அதுவே பெரிது. ஃபாக்டரி ஃபாக்டரியாகப் போய் இலை சரியாக வாடியிருக்கிறதா, நிறம் எப்படி என்று கண்ணால் பார்த்துச் சொல்லும் வேலை கொடுத்தார்கள். போகாத நாளில் ஆபீசில் எனக்கு எதிர்மேசை. டேஸ்டிங் ரூம் கதவு அங்கிருந்து நன்றாகத் தெரியும். அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்காரக் கற்றுக்கொண்டார்.

மாசி மாதம் ஒருநாள் காலை. நான் வந்து உட்கார்ந்து காப்பியைத் திறந்தேன். காப்பி மணத்தை மீறிக்கொண்டு என்னவோ வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். செலஸ்டின் மேடம் தலையில் பூ. மேட்டுப்பாளையத்திலிருந்து முதல் பஸ்ஸில் ஏறி வரும் மல்லிகை, கட்டுக் குலையாமல், தோள்வரை தொங்கியது. கல்யாணத்துக்கு அப்புறம் வேலை நாளில் நான் பார்க்கும் முதல் பூ.

இனி அந்தத் தலையில் எவ்வளவு வேண்டுமானாலும் பூ வைக்கலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. அந்த வாசம் எங்கள் எல்லோருக்கும் வரும், அவர் ஒருவருக்குத்தான் வராது. இதில் எதைச் சொல்வது?

"நல்லா வாசமா இருக்குதுங்க" என்றேன்.

"அதை வாயால சொல்ல வேண்டாண்ணா" என்றார். "காப்பியைக் கீழ வச்சுப்போட்டு இப்படித் திரும்புங்க. உங்க மூஞ்சியைக் காட்டுங்க."

திரும்பினேன். அவர் கொஞ்சம் குனிந்து, கிண்ணத்துக்குள் பார்க்கிற அதே பார்வையை என் முகத்தில் வைத்துப் பார்த்தார். அவசரமே படவில்லை.

"பிரைட்" என்றார்.

என் விரல் தானாகவே அந்த இரண்டு எழுத்தைத் தேடிப் போனது.